கொலு பொம்மை வாங்கும் முன்: கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

நவராத்திரிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கொலு வைக்கும் வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடும்: “இந்த வருஷம் என்ன பொம்மை?” ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். பெடாஸ் போன்ற சிறிய ஊரில் இருப்பவர்கள் இதற்காகச் சிரம்பானுக்கோ, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சுக்கோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்கோ போக வேண்டும். அவ்வளவு தூரம் போய், பூசிய வண்ணத்தை மட்டும் பார்த்து வாங்கி வந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் பொம்மையின் மூக்கு உதிர்ந்து போகலாம். ஆகவே எந்தப் பொம்மை எதனால் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பொம்மைகள் எங்கிருந்து வருகின்றன?

இங்கே விற்கும் கொலு பொம்மைகளின் தாய்வீடு பெரும்பாலும் தமிழ்நாடுதான். பண்ருட்டி, மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி, காஞ்சிபுரம் ஆகியவை இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. விளாச்சேரிக் கைவினைஞர்கள் நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்வார்கள். அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடிலுக்கான உருவங்களைச் செய்வார்கள். அதே கைகள்தான் இரண்டு பண்டிகைக்கும் உழைக்கின்றன.

சென்னைக்குப் போகிறவர்கள் மயிலாப்பூர் வடக்கு மாடவீதிக்கு ஒரு நடை போய் வரலாம். நவராத்திரி நெருங்கும்போது அந்தத் தெரு ஓரம் முழுக்கப் பொம்மைதான். அண்ணா சாலையில் தமிழ்நாடு அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்திலும் ஆண்டுதோறும் கொலு பொம்மைக் கண்காட்சி நடக்கும். பல ஊர்ப் பொம்மைகளை ஒரே கூரையின் கீழ் ஒப்பிட்டுப் பார்க்க அது வசதி.

மண்ணா, மாவா, காகிதமா?

களிமண் பொம்மையை இரண்டு பாதி அச்சில் அழுத்தி எடுப்பார்கள். பாதிகளை ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுடுவார்கள். பிறகு வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுவார்கள். கண் எழுதுவது கடைசி வேலை. முகத்துக்கு உயிர் வருவது அப்போதுதான்.

பிளாஸ்டர் ஆப் பாரிஸ் பொம்மை வேறு வகை. மாவைக் கரைத்து அச்சில் ஊற்றினால் சிறிது நேரத்தில் இறுகிவிடும், சுட வேண்டியதில்லை. வேலை குறைவு, விலையும் குறைவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சும், ஓரங்கள் எளிதில் உடையும். காகிதக் கூழ் பொம்மை எடை குறைந்தது, கீழே விழுந்தாலும் தாங்கும். அதற்கு எதிரி கரையானும் ஈரப்பதமும்.

வேறுபாடு தெரிய, பொம்மையைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தால் போதும். வண்ணம் படாத இடத்தில் செங்கல் நிறம் தெரிந்தால் சுட்ட மண். வெள்ளையாக இருந்தால் பிளாஸ்டர். விரலால் மெல்லத் தட்டினால் நன்றாகச் சுட்ட மண் ‘டங்’ என்று ஒலிக்கும். பிளாஸ்டர் மந்தமாகக் கேட்கும். பிறகு பக்கவாட்டில் இணைப்புக் கோடு விரிந்திருக்கிறதா, இரு கண்களும் ஒரே மட்டத்தில் உள்ளனவா, பொம்மை ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தசாவதாரம் போன்ற செட் என்றால் பத்தும் இருக்கின்றனவா என்று கடையிலேயே எண்ணிப் பார்த்துவிட வேண்டும். ஒன்று குறைந்தால் அதே அளவில், அதே வண்ணத்தில் பின்னர் கிடைப்பது கடினம்.

மரப்பாச்சியும் தலையாட்டியும்

கொலுவில் முதலில் வைக்கப்படுவது மரப்பாச்சி ஜோடி. திருமணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. பழைய மரப்பாச்சிகள் செம்மரத்தில் கடைந்தவை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், குறிப்பாக ஆந்திரத்தில், வளரும் இந்த மரம் கடத்தலால் அருகி வருகிறது. சைட்டிஸ் எனப்படும் அனைத்துலக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இடம்பெற்றுள்ளது. இந்தியாவும் இதன் ஏற்றுமதிக்குக் கடும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆகவே ஊருக்குப் போனவர்கள் செம்மரப் பொம்மை வாங்கினால் ரசீது கேட்டு வாங்கி, கொண்டுவர அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. இப்போது சாதாரண மரத்தில் சாயம் பூசிய மரப்பாச்சிகளும் விற்கப்படுகின்றன. கொலுவுக்கு அதுவே போதும்.

தஞ்சாவூர்ப் பொம்மை புவிசார் குறியீடு பெற்றது. இதில் இரண்டு வகை. ஒன்று, அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பது. தள்ளினால் சாய்ந்து, தானே நிமிரும். எடை முழுவதும் கீழே இருப்பதுதான் காரணம். மற்றொன்று, தலையும் உடலும் தனித்தனியாகக் கம்பியில் தொங்கி ஆடும் நாட்டியப் பெண். இதை வாங்கும்போது உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நம் நாட்டு ஈரக் காற்றுதான் பொம்மைகளுக்குப் பெரிய சோதனை. விஜயதசமிக்குப் பிறகு எடுத்து வைக்கும்போது தண்ணீரில் கழுவக் கூடாது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு வைக்கலாம். பெட்டி தரையில் படாமல் உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதி ஒட்டினால் அடுத்த ஆண்டு தேட வேண்டியதில்லை.

உடைந்த பொம்மையை ஆற்றில் விடுகிறவர்களும் உண்டு. பிளாஸ்டர் எளிதில் கரையாது. வண்ணப் பூச்சும் தண்ணீரைக் கெடுக்கும். ரெம்பாவ் வட்டாரத்து ஆறுகள் லிங்கி ஆற்றில் சேர்கின்றன என்பதை நினைவில் கொள்வது நல்லது. விரிசலைப் பசையால் அடைத்து, மேலே வண்ணம் பூசினால் பல பொம்மைகள் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

படியில் நம் தோட்டம்

ஜப்பானிலும் மார்ச் 3-ஆம் நாள் பெண் குழந்தைகளுக்காகச் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மை அடுக்குகிறார்கள். உச்சிப் படியில் மன்னரும் அரசியும். கீழே பணிப்பெண்கள், இசைக் கலைஞர்கள். நம் கொலுவிலோ உச்சியில் கலசமும் தெய்வங்களும், கீழே மனிதர்களும் உயிரினங்களும். செட்டியாரும் ஆச்சியும் கடை விரித்து அரிசி, பருப்போடு உட்கார்ந்திருப்பது அந்தக் கீழ்ப்படியில்தான். யார் வாழ்க்கையும் இடம்பெறக்கூடிய படி அது.

ஆனால் கடைகளில் கிராமத்துச் சந்தை செட் உண்டு, கல்யாண செட் உண்டு, கிரிக்கெட் செட் கூட உண்டு. பால்மரம் வெட்டும் பெண்ணின் பொம்மையைத் தேடினால் கிடைப்பது அரிது. ஓர் அச்சு செய்தால் அதில் நூற்றுக்கணக்கில் விற்க வேண்டும். தமிழ்நாட்டுக் கைவினைஞருக்கு அந்தக் காட்சி தெரிந்ததும் அல்ல. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலோ பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல காலியாகிவிட்டன. பெரட்டுக் களமும், காண்டாவில் தொங்கிய பால் வாளிகளும், மங்கும், உளியும் இன்று பாட்டிமார் நினைவில் மட்டும் இருக்கின்றன.

அதைச் செய்யக் கடை தேவையில்லை. களிமண், தீக்குச்சி, பழைய அட்டைப்பெட்டி போதும். பாட்டி சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் ஒரு லயத்தையும், பால்மர வரிசையையும், தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் செய்துவிடலாம். ‘மங்கு’ என்றால் என்ன என்று பிள்ளை கேட்கும் இடத்தில் ஒரு பாடம் தொடங்கும். இந்த ஆண்டுக்குரிய புதுப் பொம்மையை வீட்டிலேயே செய்தால் வழக்கம் கெட்டுவிடாது.