மனோதத்துவ நிபுணருக்கு ஒரு பரீட்சை

காலொடிந்தவன் வைத்தியரிடம் போகிறான். கால் சேர்ந்ததா, இல்லையா என்பதை அவனே நடந்து பார்த்து அறிந்துகொள்ளலாம். வழக்குடையவன் வக்கீலிடம் போகிறான். வாதம் பலித்ததா, இல்லையா என்பதைத் தீர்ப்பு சொல்லிவிடும். ஆனால் மனம் நொந்து, உறக்கமிழந்து, உயிர் வாழ்வதே பாரமென்று எண்ணி வருகிற ஒருவன், தன் எதிரில் அமர்ந்து தன் அந்தரங்கத்தையெல்லாம் கேட்கிற மனோதத்துவ நிபுணர் தகுதியுடையவர்தாமா என்பதை எவ்விதம் அறிவான்? அறிவதற்கு வேண்டிய தெளிவே அச்சமயம் அவனிடம் இராது. ஆகவே அவனுக்காக ராஜாங்கம் வாசற்படியில் நின்று, உள்ளே செல்பவர் யார் என்று விசாரிக்க வேண்டியதாகிறது. லைசென்ஸ் என்பதன் தாத்பரியம் இதுவே. அது படித்தவருக்குச் சூட்டும் கௌரவமன்று. பொதுஜனங்களுக்கு அளிக்கும் பாதுகாப்பு.

இந்த விசாரணை நேர்மையாக நடக்கிறதா என்னும் கேள்வி அமெரிக்காவில் சில ஆண்டுகளாகப் பலமாக எழுந்திருக்கிறது. அந்நாட்டு விவகாரத்தை நாம் ஏன் ஆராய வேண்டுமென்று நேயர்கள் கேட்கலாம். நம் தேசத்திலும் வக்கீல் தொழில் தொடங்குவோருக்கு 2010-ல் அகில இந்தியப் பரீட்சையொன்று விதிக்கப்பட்டது; 2023-ல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்சு அதை ஊர்ஜிதம் செய்தது. பரீட்சையைக் கொண்டு தொழிலுக்கு வாசல் அமைக்கும் எந்த நாட்டாரும், அத்தகைய வாசல் ஒன்றின் குணதோஷங்களை அறிந்திருப்பது நலம்.

பரீட்சை பிறந்த விதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொழில்களை ஒழுங்கு செய்யும் அதிகாரம் மத்திய சர்க்காருக்குரியதன்று. ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் உரியது. மனோதத்துவ நிபுணர்களைக் குறித்து முதன்முதல் சட்டம் செய்தது கனெக்டிகட் ராஜ்யம், ஆண்டு 1945. இறுதியாகச் செய்தது மிஸ்ஸௌரி, ஆண்டு 1977. இடைப்பட்ட 32 வருஷங்களில் ஒரு ராஜ்யத்தில் தகுதியெனப்பட்டது மறு ராஜ்யத்தில் தகுதியின்மையாய் இருந்த நிலைமையை எண்ணிப் பார்த்தால், பொது அளவுகோல் ஒன்று தேவைப்பட்டதன் காரணம் விளங்கும். ராஜ்ய லைசென்ஸ் சபைகள் 1961-ல் கூடி ஒரு சங்கம் அமைத்தன. அச்சங்கம் 1960-களின் மத்தியிலிருந்து நடத்திவரும் பொதுப் பரீட்சையே, ஈ.பி.பி.பி. என்ற எழுத்துக்களால் வழங்கப்படுகிற தொழில்முறை மனோதத்துவப் பரீட்சை. கனடாவின் பல மாகாணங்களும் அதனை ஏற்றுள்ளன.

இதற்கு உட்காருவோர் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். பெரும்பாலோர் டாக்டர் பட்டத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்து, மூத்தோர் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் நோயாளிகளைக் கண்டவர்கள். வயது முப்பதை எட்டியவர், குடும்பஸ்தர், கல்விக் கடனைத் தலைமேல் சுமப்பவர். இத்தகையவர்கள் நாற்காலியில் அமர்ந்து, 4 மணி 15 நிமிஷத்தில் 225 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் தரப்படும். சரியானதைத் தெரிந்தெடுக்க வேண்டும். 225-ல் 175-க்கு மட்டுமே மதிப்பெண். ஏனைய 50 பிற்காலப் பரீட்சைகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை அந்த 50 என்பது எழுதுபவருக்குத் தெரியாது. மதிப்பெண் 200 முதல் 800 வரை வகுக்கப்பட்டு, சுயேச்சையாகத் தொழில் நடத்த 500 வேண்டுமென்று சங்கம் சிபார்சு செய்கிறது. கட்டணம் 600 டாலர். பரீட்சை நிலையக் கட்டணம் வேறு. தவறினால் மீண்டும் முழுக் கட்டணம்.

பாடங்கள் எட்டுப் பிரிவாக வகுக்கப்பட்டுள்ளன. நோய் நிர்ணயமும் மதிப்பீடும் 100-க்கு 16 பங்கு. ஒழுக்க நெறியும் சட்டமும் 16. சிகிச்சையும் தடுப்பும் மேற்பார்வையும் 15. அறிவும் உணர்ச்சியும் 13. மனித வளர்ச்சி 12. சமூகமும் பண்பாடும் 11. நடத்தையின் உடலடிப்படை 10. ஆராய்ச்சி முறையும் புள்ளி விவரமும் 7. குழந்தைகளுக்கே சிகிச்சை செய்து பழகியவர் முதியோரைப் பற்றியும், முதியோரிடமே பழகியவர் குழந்தைகளைப் பற்றியும், இருவரும் மூளை நரம்புகளைப் பற்றியும் படித்தாக வேண்டும்.

தம் சாஸ்திரத்தைத் தமக்கே பிரயோகித்தல்

இப்பரீட்சைக்குப் படிப்பதில் ஒரு விசேஷமுண்டு. எப்படிப் படித்தால் மனத்தில் நிற்கும் என்பதை ஆராய்ந்தவர்கள் இந்த சாஸ்திரிகளேயாவர். ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறதென்று அளந்து 1885-ல் வெளியிட்டார். கற்றது முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி கரைந்துபோகிறது. இடைவெளிவிட்டுத் திரும்பப் படித்தால் கரைவது குறைகிறது. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் மாணவர்களை இரு வகையாகப் பிரித்து, ஒரு வகையாரைப் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்தனர். மறு வகையாரைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிஷத்துக்குப் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரத்துக்குப் பின் சோதித்தபோதோ நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டனர்.

இவ்வுண்மைகளை நோயாளிகளுக்கும் மாணாக்கர்களுக்கும் போதித்த நிபுணர்களே, தாம் படிக்கும்போது அவற்றை மறந்து, பருத்த புத்தகங்களை வர்ண மையால் கோடிட்டுக்கொண்டு இரவெல்லாம் வாசிக்கிறார்கள். கோடிட்ட பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழக்கத்தை அறிவென்று மனம் ஏமாறுகிறது. தேர்ச்சி பெற விரும்புவோர் செய்யத் தக்கது வேறு. முதல் வாரத்திலேயே ஒரு முழு மாதிரிப் பரீட்சை எழுதி, எட்டுப் பிரிவுகளில் தமக்குப் பலவீனமானது எதுவென்று காண வேண்டும். பின்னர் சில மாதங்களுக்கு நாள்தோறும் சிறிது நேரம் படித்து, புத்தகத்தை மூடி, படித்ததைச் சொல்லிப் பார்க்க வேண்டும். தவறிய கேள்விகளைத் தனி நோட்டில் எழுதி, ஏன் தவறியது என்பதையும் குறிக்க வேண்டும். விஷயம் தெரியாமல் தவறுவது ஒன்று, “முதலில் செய்ய வேண்டியது எது?” என்ற கேள்வியை “சிறந்தது எது?” என்று படித்துத் தவறுவது வேறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றன்று.

காலக் கணக்கும் அறிய வேண்டும். 225 கேள்விக்கு 255 நிமிஷமென்றால், ஒரு கேள்விக்கு 68 விநாடி. ஒன்றில் ஐந்து நிமிஷம் மல்லாடுகிறவர் வேறு மூன்று நான்கு கேள்விகளின் காலத்தைக் கடன் வாங்குகிறார். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லையாதலால் எதையும் வெறுமையாக விடுதல் விவேகமன்று. அச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1908-ல் யெர்க்ஸ், டாட்ஸன் என்போர் சுண்டெலிகளைக் கொண்டு செய்த சோதனையில், கடினமான காரியத்தில் அளவு மீறிய தூண்டுதல் கற்றலைக் கெடுக்கக் கண்டனர். சிறிது அச்சம் விழிப்பைத் தரும். மிகுந்த அச்சம் தெரிந்ததையும் மறைக்கும். கடைசி இரவில் உறங்குதலும் படிப்பின் ஒரு பகுதியே.

ஏட்டுச் சுரைக்காயா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கூறி, பரீட்சையே வீண் என்பாரும் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்ல மாட்டோம். இரண்டு உதாரணங்கள் கூறுவோம்.

ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு மனநோய் இருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளவரில் 100-க்கு 90 பேரைச் சரியாகக் கண்டுபிடித்து, நோயற்றவரில் 100-க்கு 90 பேரைச் சரியாக விலக்கும் சோதனை ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. கேட்பதற்கு மிக நல்ல சோதனை. அதை ஆயிரம் பேருக்கும் செய்தால் நோயாளிகள் 9 பேர் அகப்படுவர். நோயற்ற 990 பேரில் 99 பேரும் அகப்படுவர். அதாவது நோயாளி என்று முத்திரை குத்தப்பட்ட 108 பேரில் 12-க்கு ஒருவரே மெய்யான நோயாளி! இக்கணக்கை அறியாத நிபுணர் நல்ல எண்ணத்துடனேயே 99 பேரின் வாழ்வில் வீண் களங்கத்தை ஏற்றிவிடக் கூடும். 100-க்கு 7 பங்கே உள்ள புள்ளி விவரப் பாடத்தை அலட்சியம் செய்வோர் இதைக் கவனிப்பாராக.

மற்றொன்று சட்டத்தைப் பற்றியது. 1969-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், இந்தியாவிலிருந்து படிக்கச் சென்ற மாணவர் ஒருவர், தம் காதலை ஏற்காத டாட்டியானா டாரஸாஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாகத் தமக்குச் சிகிச்சை செய்த மனோதத்துவ நிபுணரிடம் கூறினார். நிபுணர் பல்கலைக்கழகப் போலீஸுக்கு அறிவித்தார். போலீஸார் விசாரித்து விட்டுவிட்டனர். அந்தப் பெண்ணுக்கோ அவள் பெற்றோருக்கோ எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவ்வாண்டு அக்டோபர் மாதம் அவள் கொல்லப்பட்டாள். பெற்றோர் தொடுத்த வழக்கில், அபாயத்துக்குள்ளானவரைக் காக்கத் தக்க ஜாக்கிரதை எடுப்பது நிபுணரின் கடமை என்று கலிபோர்னியா உயர்மட்ட நியாயஸ்தலம் 1976-ல் தீர்ப்பளித்தது. நோயாளியின் இரகசியம் பெரிது. பிறர் உயிர் அதனினும் பெரிது என்பதே அதன் கருத்து. ஆயினும் டெக்ஸாஸ் உச்ச நியாயஸ்தலம் 1999-ல் அத்தகைய எச்சரிக்கைக் கடமையை விதிக்க மறுத்துவிட்டது. ராஜ்யங்களுக்குள் சட்டம் இவ்வாறு மாறுபடுவதால், பல ராஜ்யங்கள் பொதுப் பரீட்சையோடு நில்லாமல், தத்தம் சட்டத்தைப் பற்றித் தனிப் பரீட்சையும் வைக்கின்றன.

எதிரில் அமர்ந்தவர் “அவளைக் கொல்லப் போகிறேன்” என்று கூறும் கணத்தில் புத்தகத்தைப் புரட்ட அவகாசமிராது. அக்கணத்துக்கு வேண்டிய அறிவு முன்னரே நெஞ்சில் இருந்தாக வேண்டும். அதற்காகவே படிப்பு, அதற்காகவே பரீட்சை.

நியாயமான ஆக்ஷேபணைகள்

எனினும் பரீட்சை அவசியம் என்பதும், இப்பரீட்சை குற்றமற்றது என்பதும் ஒன்றல்ல. நியூயார்க் ராஜ்யத்தில் பரீட்சை எழுதியோரைப் பற்றி 2019-ல் வெளியான ஆராய்ச்சியொன்று, முதல் முறையில் தவறியோரின் விகிதம் வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பரிடமும் ஸ்பானிய வம்சத்தாரிடமும் மிக அதிகமென்று காட்டிற்று. இவர்களும் அதே டாக்டர் பட்டம் பெற்றவர்கள். அதே மேற்பார்வையில் பழகியவர்கள். இவர்களில் ஒவ்வொருவர் வாசலில் தடுக்கப்படும்போதும், தம் மொழியும் வாழ்வும் அறிந்த நிபுணரைத் தேடும் ஏழை ஜனங்களுக்கு ஒரு துணை குறைகிறது.

தவறினவர் குறையுடையவர், அதற்குப் பரீட்சை என்ன செய்யும் என்று விடை கூறலாம். அவ்விடை நிலைப்பதற்கு, அதிக மதிப்பெண் பெற்றவர் நோயாளிகளை மேலாகக் கவனிக்கிறார் என்பது ருசுவாக வேண்டும். பாடத்திட்டம் தொழிலோடு பொருந்தியது என்று காட்டச் சங்கத்தார் முயன்றிருக்கின்றனர். மதிப்பெண்ணுக்கும் சிகிச்சைத் திறமைக்குமுள்ள தொடர்பைக் காட்டும் ருசுவோ மிகச் சொற்பம். 1971-ல் கிரிக்ஸ் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், ஒரு இனத்தாரை அதிகமாக விலக்கும் சோதனை அந்த வேலைக்கு மெய்யாகவே சம்பந்தமுடையது என்று காட்டும் பொறுப்பை எஜமானர் மேல் சுமத்தியது. அத்தீர்ப்பு வேலை கொடுப்போரைப் பற்றியது; லைசென்ஸ் சபைகளைப் பற்றியதன்று. ஆயினும் அதன் நியாயம் எவருக்கும் பொருந்தும். கதவை அடைப்பவனே காரணம் காட்டக் கடமைப்பட்டவன்.

சங்கத்தார் இதற்கு மேற்கொண்ட பரிகாரம் இன்னொரு பரீட்சை! அறிவைச் சோதிப்பதோடு திறமையையும் சோதிப்பதற்கென்று இரண்டாம் பகுதி ஒன்றை 2020-ல் தொடங்கினர். 2026 ஜனவரி முதல் அதை எல்லாருக்கும் கட்டாயமாக்குவதென்றும் தீர்மானித்தனர். புதிய கட்டணமும் புதிய தாமதமும் விளையுமென்று எதிர்ப்பு மிகுந்தது. டெக்ஸாஸ் ராஜ்யத்து அதிகாரிகளே பகிரங்கமாக எதிர்த்தனர். 2024-ன் பிற்பகுதியில் சங்கம் அந்தக் கட்டாயத்தை நிறுத்திவைத்து, அறிவையும் திறமையையும் ஒன்றாகச் சோதிக்கும் ஒரே பரீட்சையை ஆராயத் தலைப்பட்டது. பிடிவாதத்தை விட்டு யோசனைக்கு வந்தது பாராட்டத் தக்கதே.

நமது அபிப்பிராயம் இதுதான். பரீட்சையை ஒழிப்பதால் ஏழை நோயாளிக்கு லாபமில்லை. வாசலில் காவலில்லாத வீட்டில் முதலில் களவு போவது அவன் பொருளே. ஆனால் காவலாளியின் கண்ணும் சோதிக்கப்பட வேண்டும். மதிப்பெண் வித்தியாசங்களை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். தவறியவருக்கு எந்தப் பிரிவில் எவ்வளவு குறைந்ததென்று தெளிவாகக் கூற வேண்டும். கட்டணம் ஏழை மாணவரின் கழுத்தை நெரிக்கலாகாது. மேற்பார்வையில் பழகிய ஆண்டுகளின் சாட்சியத்துக்கும் தராசில் இடம் தர வேண்டும்.

இனி, பரீட்சைக்குப் படிக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிப்போம். பரீட்சை நியாயமாகும் வரை படிப்பை நிறுத்திவைக்க முடியாது. சபையாரோடு வாதாடுவது பகலின் வேலை. புத்தகத்தோடு வாதாடுவது இரவின் வேலை. தாம் படிப்பது 500 என்ற எண்ணுக்காக என்று எண்ணினால் ஒவ்வொரு பக்கமும் பாரமாகத் தோன்றும். என்றோ ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வரப்போகிற, இன்னும் பெயர் தெரியாத ஒரு மனிதனுக்காக என்று எண்ணினால் அதே பக்கம் கடமையாகத் தோன்றும். அம்மனிதன் இவருடைய மதிப்பெண்ணைக் கேட்கப் போவதில்லை. தன்னைக் காக்க வேண்டிய தருணத்தில் இவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதொன்றே அவன் கேள்வி.