கல்லில் ஏறினால் தானே திரும்பும் சக்கரம்

ரிமோட்டில் ஓடும் லாரி ஒன்றைச் சொந்தமாகச் செய்துவரும் குன்னூர் வாசகர் கேட்கிறார்: "தார் ரோட்டில் நேராக ஓடுகிறது. எஸ்டேட் மண் ரோட்டில் ஒரு கல்லில் ஏறினால் போதும், ரிமோட்டைத் திருப்பாமலே தேயிலைச் செடிக்குள் போய்விடுகிறது. செர்வோவை மாற்றியும் பயனில்லை. ஏன்?"

ரிமோட்டுக்கு ஏற்பச் சக்கரத்தைத் திருப்பும் மோட்டாரான செர்வோ மேல் குற்றமில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் விஷ்போனும், அதைத் திருப்பும் டை ராடும் வெவ்வேறு வட்டங்களில் ஆடுகின்றன.

ஒரே மரத்தில் இரண்டு ஊஞ்சல்களை நினைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு உயர்ந்த கிளையில் 8 அடிக் கயிறு, தம்பிக்குத் தாழ்ந்த கிளையில் 5 அடிக் கயிறு. பலகைகள் ஒரே மட்டம். இருவரும் கைகோத்து ஆடுகிறார்கள். 3 அடி முன்னே போனதும் தம்பி முழுதாக ஓர் அடி உயர்ந்துவிடுகிறான். அக்கா 7 அங்குலம்தான். மீதி 5 அங்குலத்தைக் கோத்த கைதான் தாங்க வேண்டும். அந்த இழுப்பில் அக்காவின் தோள் திரும்பிவிடும். பின்னே போனாலும் தம்பிதான் அதிகம் உயர்வான், தோள் அதே பக்கம்தான் திரும்பும்.

இந்த ஊஞ்சல்களைப் படுக்கவையுங்கள். அக்காதான் சக்கரம், அவள் கயிறு விஷ்போன், தம்பியின் கயிறு டை ராட், கோத்த கை, சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிள் என்ற துண்டிலிருந்து நீளும் சிறு கரம். விஷ்போன் 8 செ.மீ., டை ராட் 5 செ.மீ., இரண்டும் படுக்கைவாட்டில் இருப்பதாகக் கொள்வோம். சக்கரம் 3 செ.மீ. ஏறும்போது விஷ்போனின் முனை ஏறத்தாழ 6 மி.மீ. உள்ளே வரும், டை ராடின் முனை 10 மி.மீ. வரும். நக்கிள் கரம் 2 செ.மீ. என்றால், அந்த 4 மி.மீ. வித்தியாசம் சக்கரத்தைச் சுமார் 12 டிகிரி திருப்பிவிடும். செர்வோ அசையாமலே இவ்வளவு! இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறினால் திருப்பங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஆனால் கல் ஒரு சக்கரத்தின் கீழ்தான் வருகிறது.

அதுவும் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டிக்கு 3 செ.மீ. கல் என்பது நிஜ லாரிக்கு 30 செ.மீ. பாறை. நீலகிரியில் உள்ள கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படியொரு மேடு கிடையாது. பழைய எஸ்டேட் ஜீப்புகளுக்கு முன் அச்சு ஒரே துண்டு. சக்கரங்களை இணைக்கும் டை ராட் அச்சோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை.

வரலாறு கொஞ்சம் போதும். சக்கரங்களைத் தனித்தனியே திருப்பும் முறைக்கு 1818-ல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் அக்கர்மன். யோசனை மியூனிக் வண்டித் தயாரிப்பாளர் லாங்கென்ஷ்பெர்கருடையது. முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் அமெரிக்கக் கார்களில் பரவியது 1930களில்.

இனி தீர்வு. சக்கரத்தை மேல், கீழ் என இரு விஷ்போன்கள் தாங்கி, அவை சம நீளமாகவும் இணையாகவும் இருந்தால், டை ராடும் அதே நீளத்தில் அவற்றுக்கு இணையாக இருக்க வேண்டும். மேல் விஷ்போன் குட்டையாக இருந்தால் டை ராடின் உள்முனை விஷ்போன்களின் உள்மூட்டுகளைச் சேர்க்கும் கோட்டிலும், வெளிமுனை வெளிமூட்டுகளைச் சேர்க்கும் கோட்டிலும் அமையட்டும். இரு விஷ்போன்களையும் கற்பனையில் நீட்டினால் சந்திக்கும் புள்ளியை டை ராடும் நோக்க வேண்டும்.

பளபளக்கும் அலுமினிய விஷ்போன், விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர், ஜைரோ என்று விளம்பரங்கள் அழைக்கும். அலுமினியத்தில் செய்தாலும் தவறான நீளம் தவறான நீளமே. ஜைரோ, வண்டி திரும்பத் தொடங்கிய பிறகுதான் செர்வோவை அசைக்கும். காசு செலவழிக்கும் முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, வண்டியைக் கட்டைமேல் வைத்து, சக்கரத்தில் நேரான அட்டை ஒன்றைக் கட்டுங்கள். சக்கரத்தைக் கையால் ஏற்றி இறக்கி, அட்டை எந்தப் பக்கம் திரும்புகிறதென்று குறியுங்கள். ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறுபக்கமும் திரும்பினால் டை ராடின் உயரம் தவறு; மூட்டின் கீழ் வாஷர் வைத்துச் சரிசெய்யலாம். இரண்டிலும் ஒரே பக்கம் திரும்பினால் நீளம்தான் தவறு. உள்முனைத் துளையை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.