பனிக்கடல் துறைமுகமும் கொட்டாஞ்சேனை வீடும்

கொட்டாஞ்சேனையில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மௌலவி, வட துருவத்தில் பனி உருகிக் கப்பல் பாதை திறக்கிறதாமே? அங்கே பெரிய துறைமுகங்கள் கட்டிவிட்டால் கப்பல்கள் கொழும்புக்கு வராதா? வாப்பாவுக்கு வேலை இருக்குமா?"

அவளுடைய வாப்பா துறைமுகத்தில் வேலை செய்பவர். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. பின்னர் தேடிப் படித்து அறிந்ததைச் சகோதரிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தப் பனிநாடு அரபு நூல்களுக்குப் புதிதன்று. 1344 இல் நமது நாட்டுக்கு வந்து கொழும்பையும் காலியையும் பற்றி எழுதிய இப்னு பதூதா, வடக்கேயுள்ள "இருள் நாடு" பற்றியும் எழுதியிருக்கிறார். நாய்கள் இழுக்கும் வண்டிகளில் வியாபாரிகள் பனிமீது சென்று மென்மயிர்த் தோல்களைக் கொண்டுவருவார்களாம். சிரமம் பெரிது, பயன் சிறிது என்று கருதி அவர் அங்கே போகவில்லை. இன்றோ கணக்கு மாறிவிட்டது.

1979 முதல் வட துருவப் பிரதேசம், உலகின் சராசரியை விட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்து வருகிறது. கோடையில் கடற்பனி விலகுவதால் ரஷ்யாவின் வடகரையோரமாகக் கப்பல்கள் செல்கின்றன. ஜப்பானின் யொக்கஹாமாவிலிருந்து நெதர்லாந்தின் ரொட்டர்டாமுக்கு, சுயஸ் வழியாகச் செல்வதை விட இந்த வழியில் தூரம் மூன்றிலொரு பங்களவு குறைவு. ரஷ்யாவின் சபெற்றா துறைமுகத்திலிருந்து 2017 டிசெம்பரில் திரவ எரிவாயு ஏற்றுமதி தொடங்கியது. அலாஸ்காவின் நோம் நகரில் துறைமுகத்தை ஆழமாக்கும் திட்டத்துக்கு 2020 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதியளித்தது. 22 அடி ஆழமுள்ள அத்துறைமுகத்தில் 40 அடி ஆழத்துக்குத் தோண்டுவதே திட்டம்.

ஆழம் எதற்கு? சுமை ஏற ஏறக் கப்பல் நீரில் தாழும். இன்றைய பெரிய கொள்கலன் கப்பலின் அடிப்பாகம் 15 மீற்றருக்கும் கீழே போகும். ஆகவேதான் கொழும்பிலும் பழைய துறைமுகம் போதாமல், புதிய அலைதடுப்புச் சுவர் கட்டி, 2013 இல் 18 மீற்றர் ஆழமுள்ள முனையம் தெற்கே திறக்கப்பட்டது.

ஆனால் பனிநாட்டில் துறைமுகம் கட்டுவோருக்கு ஒரு சோதனை உண்டு. பாதையைத் திறந்துவிடும் அதே வெப்பமே காலடி நிலத்தையும் இளக்குகிறது. ஆண்டாண்டாக உறைந்து கிடந்த மண்ணை நம்பித்தான் அங்கே கட்டடங்களும் எண்ணெய்த் தாங்கிகளும் நிற்கின்றன. 2020 மே மாதம் ரஷ்யாவின் நொரில்ஸ்க் நகரில் ஒரு தாங்கி உடைந்து 20,000 தொன்னுக்கு மேற்பட்ட டீசல் கொட்டி, ஆறுகளில் கலந்தது. நோம் அமைந்துள்ள அதே தீபகற்பத்தை ஒட்டிய ஷிஷ்மரெஃப் என்னும் சிறு தீவில் இனுப்பியாக் மக்கள் வாழ்கிறார்கள். இலையுதிர்காலப் புயல் அலைகளைத் தடுத்து நின்ற கடற்பனி இப்போது பிந்தியே உறைவதால், கரை அரிக்கப்பட்டு வீடுகள் கடலில் சரிந்தன. ஊரையே இடம்மாற்றுவதென அம்மக்கள் 2016 இல் வாக்களித்தார்கள். ஒரே உருகல், ஓரிடத்தில் துறைமுகத்துக்கு வழி. அருகிலேயே ஒரு தாய்க்கு வீடு இல்லை!

சரி, கொழும்பின் கதி என்ன? பாதை மாறினால் துறைமுகம் மாறும் என்பதற்குக் காலியே சாட்சி. நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிச் சென்ற பெரிய துறைமுகம் அது. 1875 இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் வேலை தொடங்கி 1885 இல் முடிந்தது. கப்பல்கள் இங்கே வந்தன, காலி ஓய்ந்தது.

என்றாலும் உடனே கலங்க வேண்டியதில்லை. துருவப் பாதை ஆண்டில் சில மாதங்களே வசதியாகத் திறந்திருக்கும். வழியில் சரக்கு ஏற்றி இறக்கப் பெரிய நகரங்கள் இல்லை. கொழும்பு கையாளும் கொள்கலன்களில் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து மறு கப்பலுக்கு மாற்றப்படுபவை. அவற்றில் பெரும்பாலானவை இந்தியத் துணைக்கண்டத்தின் சரக்கு. அந்தச் சரக்குக்குத் துருவப் பாதை சுற்றுவழியே.

நமக்கு வரும் ஆபத்து வேறு வழியில் இருக்கிறது. நோன்பு திறக்கும் நேரத்தில் சர்பத் குவளையில் ஐஸ் போடுகிறோம். அது உருகினாலும் குவளை வழிவதில்லை. ஆனால் வெளியிலிருந்து புதிதாக ஐஸ் போட்டால் வழியும். மிதக்கும் கடற்பனி குவளைக்குள் உள்ளது போன்றது. கிரீன்லாந்தின் தரைமேல் கிடக்கும் பனியோ வெளியிலிருந்து போடும் ஐஸ். அது உருகி வரும் நீர் உலகக் கடல்களையெல்லாம் உயர்த்துகிறது. வெள்ளவத்தையில் கடலை ஒட்டி ஓடும் ரயில் பாதையையும் அதன் பின்னாலுள்ள வீடுகளையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு படிப்பினையும் நமக்கு உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். வெப்பமான நமது கடலில், ஒரு பெருநகரின் கண்ணெதிரிலேயே அந்த நிலை என்றால், உதவிக்கு ஆளில்லாத பனிக்கடலில் என்ன ஆகும்?

ஆகவே துறைமுகம் திட்டமிடுவோர் நீரின் ஆழத்தையும் பாதையின் தூரத்தையும் மட்டும் அளந்தால் போதாது. அந்தக் கரையில் யார் வாழ்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் நாளை எங்கே வாழ்வார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அது ஷிஷ்மரெஃப் மக்களுக்கும் பொருந்தும், கொட்டாஞ்சேனைக்கும் பொருந்தும்.

மறுவாரம் அந்த மாணவியிடம் சொன்னேன்: "வாப்பாவின் வேலையைத் துருவக் கப்பல் எடுத்துவிடாது மகள். ஆனால் அங்கே உருகும் பனி நமது கரைக்கும் வரும். அதனால் அங்கே நடப்பது நமக்கும் சம்பந்தப்பட்டதுதான்."

அவள் கேட்டாள்: "அப்படியானால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கே போவார்கள் மௌலவி?"

அந்தக் கேள்விக்குத் திட்டமிடுவோரே பதில் சொல்ல வேண்டும்.