ஒன்று போல் இரு படகுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையில் மின்னசோட்டா என்னும் மாநிலம் உள்ளது. தங்கள் மாநிலத்தைப் 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்று அங்குள்ளோர் பெருமையுடன் கூறிக்கொள்வர். உண்மையில் அது குறைத்துச் சொன்ன கணக்கே. பத்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் மட்டுமே அங்கு 11,842 உள்ளன. ஏரிக்கரையில் வாழும் குடும்பங்கள் கோடை வந்ததும் படகில் ஏறித் தண்ணீரின் மேல் பொழுது போக்குகின்றன. நாம் கார் வாங்குவதைப் பற்றிக் கூடிப் பேசுவது போல அங்கே மோட்டார்ப் படகு வாங்குவதைப் பற்றிக் கூடிப் பேசுகிறார்கள்.

அத்தகைய குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்து கொள்வோம். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள். விற்பனைக் கூடத்தில் இரண்டு படகுகளை அவர்கள் பார்த்து நிற்கிறார்கள். இரண்டும் 19 அடி நீளம். இரண்டும் கண்ணாடி நாரிழையால் ஆனவை. காரில் இருப்பது போன்ற சக்கரம், காற்றைத் தடுக்கும் கண்ணாடி, முன்புறமாகிய அணியத்திலும் அமர இருக்கைகள். எஞ்சின்கள் இரண்டும் 150 குதிரைத் திறன். விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. குழந்தைகள் நீல நிறப் படகு வேண்டும் என்கிறார்கள். தந்தைக்குச் சிவப்புப் படகின் மெத்தைகள் பிடித்திருக்கின்றன. எதை வாங்குவது?

நேயர்களே, தரையில் நிற்கும் படகு தன் குணத்தைக் காட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் நிறமும் மெத்தையும் நீர்மட்டத்திற்கு மேலே உள்ளவை. படகின் நன்மை தீமைகளோ நீர்மட்டத்திற்குக் கீழேயும், தளப்பலகைக்கு அடியிலும் மறைந்து கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் பார்ப்பதே ஒப்பிடுதல்.

முதலில் அடிப்பாகத்தைப் பார்ப்போம். படகின் பின்னால் நின்று குனிந்து நோக்கினால், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் அடிப்பாகம் மேல் நோக்கிச் சரிந்திருப்பது தெரியும். அந்தச் சரிவு ஒரு படகில் 14 பாகையாகவும் மற்றொன்றில் 20 பாகையாகவும் இருக்கலாம். ஆறு பாகையில் என்ன வந்துவிடப் போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. விரித்த உள்ளங்கையால் நீரை ஓங்கி அடித்தால் கை எரிகிறது. அதே கையைப் பக்கவாட்டில் திருப்பி வெட்டினால் எளிதாக உள்ளே இறங்குகிறது. சரிவு மிகுந்த அடிப்பாகம் அலையை வெட்டிச் செல்லும். சரிவு குறைந்தது அலையை அறைந்து செல்லும். அந்த அறையை வாங்குவது படகு மட்டுமன்று, அதில் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பும்தான்.

ரேமண்ட் ஹண்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் பின்பகுதி வரையிலும் 24 பாகைச் சரிவு குறையாத அடிப்பாகத்தை வகுத்தார். அவ்வடிவில் அமைந்த 'மோப்பி' என்னும் படகை ரிச்சர்ட் பெர்ட்ரம் என்பவர் 1960 இல் மயாமியிலிருந்து நஸ்ஸோ வரை நடந்த கடற்பந்தயத்தில் இறக்கினார். கொந்தளித்த கடலில் அப்படகே வென்றது. ஆழ்சரிவின் புகழ் அன்று முதல் உலகெங்கும் பரவியது.

அப்படியானால் சரிவு மிகுந்ததே சிறந்தது அன்றோ என்று கேட்கத் தோன்றும். அன்று. சரிவு மிகுந்த படகு நீரின் மேல் எழுந்து சறுக்கிச் செல்ல அதிகத் திறன் வேண்டும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். நிறுத்தி வைத்திருக்கும்போது ஒருவர் எழுந்து நடந்தாலும் அது பக்கவாட்டில் ஆடும். சரிவு குறைந்தது அமைதியான நீரில் திண்ணை போல நிற்கும். சிறு குழந்தைகளும் முதியோரும் தடுமாறாமல் நடமாடலாம். ஆகவே எது சிறந்தது என்பது படகின் கேள்வியன்று. எந்த நீரில் என்பதே கேள்வி.

அடுத்து எஞ்சின். ஒன்று அவுட்போர்டு எனப்படும் வகை. படகின் பின்பலகைக்கு வெளியே தொங்குவது. ஓலே எவின்ரூட் என்பவர் 1909 இல் இவ்வகையை விற்பனைக்குக் கொண்டு வந்து பரவச் செய்தார். வெயிலில் ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்து காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்த களைப்பே அதற்குத் தூண்டுகோல் என்று ஒரு கதையும் வழங்குகிறது. மற்றொன்று ஸ்டெர்ன் டிரைவ் எனப்படுவது. எஞ்சின் படகிற்குள் ஒரு பெட்டியில் இருக்கும், உந்துவிசிறி மட்டும் வெளியே இருக்கும். வால்வோ பென்டா நிறுவனம் 1959 இல் இதனை வெளியிட்டது.

உள்ளே இருக்கும் எஞ்சினால் படகின் பின்புறம் அகலமான மேடையாக அமைகிறது. நீந்துவோர் ஏறி அமர வசதி. ஆனால் எஞ்சின் ஓடும்போது அம்மேடையில் எவரும் இருத்தலாகாது. விசிறியும் புகையோடு வரும் நச்சு வாயுவும் அருகிலேயே உள்ளன. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். அதனால் எஞ்சினை முடுக்குமுன் காற்றை வெளியேற்றும் விசிறியை நான்கு நிமிடங்களாவது ஓட விட வேண்டும். குளிர்காலத்தில் எஞ்சினுள் நீர் தங்கினால் அது உறைந்து விரிந்து இரும்பையே பிளந்துவிடும். அவுட்போர்டை நிமிர்த்தி நிறுத்தினால் நீர் தானே வடிந்துவிடும். அதன் குறை, நீந்தும் மேடையை அது இரண்டாகப் பிரித்துவிடுவது.

எடையை ஒப்பிடும்போதும் விழிப்பு வேண்டும். 20 அடிக்குக் குறைந்த இத்தகைய படகுகளில், அதிகபட்சம் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று காட்டும் தகடு ஒன்று பொருத்தப்பட வேண்டும் என்பது 1972 முதல் அமெரிக்கச் சட்டம். அவுட்போர்டுப் படகின் தகட்டில் காணும் மொத்த எடை எஞ்சினையும் சேர்த்தது. ஸ்டெர்ன் டிரைவ் படகில் எஞ்சின் அதில் சேராது. 150 குதிரைத் திறன் அவுட்போர்டு ஏறக்குறைய இருநூறு கிலோ அல்லது அதற்கு மேலும் இருக்கும். அதனைக் கழிக்காமல் இரு தகடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் ஏமாந்து போவார்.

இனி, விற்பனைக் கூடத்தில் எவரும் கேட்க விரும்பாத கேள்வி ஒன்று உண்டு. இந்தப் படகில் நீர் நிறைந்துவிட்டால் என்ன ஆகும்?

நம் நெய்தல் நிலத்துக் கட்டுமரத்திற்கு இக்கேள்வியே இல்லை. அதன் கட்டைகளே மிதவைகள். அலை மேலே ஏறி வழிந்தாலும் அது மூழ்காது. குழிந்த படகு அப்படியன்று. ஆகவே தளத்திற்கு அடியில் நுரைப் பொருளை நிரப்பி மிதவைத் தன்மையைச் செயற்கையாகத் தருகிறார்கள். இங்கேதான் நம் இரு படகுகளும் பெரிதும் வேறுபடுகின்றன. 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டுப் படகு, நீர் நிறைந்தாலும் ஏறத்தாழக் கிடைமட்டமாகவே மிதக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதே நீளமுள்ள ஸ்டெர்ன் டிரைவ் படகிற்கோ, அதன் ஏதேனும் ஒரு பகுதி நீருக்கு மேல் தெரிந்தால் போதும் என்பதே விதி. முன்னதில் நீரில் நனைந்தபடியேனும் உள்ளே அமர்ந்திருக்கலாம். பின்னதில் ஒரு மூலையைப் பற்றிக்கொண்டு தொங்க நேரலாம். விதி கேட்பதற்கு மேலாகவே செய்யும் உற்பத்தியாளரும் உண்டு. ஆதலால் கேட்டறிந்து எழுத்தில் பெற வேண்டும்.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதைக் குளிர்ந்த நீர் காட்டும். மின்னசோட்டாவின் வடகிழக்கே பரந்து கிடக்கும் சுப்பீரியர் ஏரியின் நீர் கோடையிலும் குளிர்ச்சி நீங்காதது. உறைகுளிர் நீரில் விழுந்தவருக்கு 'ஒன்று, பத்து, ஒன்று' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். அதனை அடக்கியாள வேண்டும். அடுத்த பத்து நிமிடங்கள் கைகால்கள் சொன்னபடி கேட்கும்; பிறகு விறைத்துவிடும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பத்து நிமிடங்களுக்குப் பின் பற்றிக்கொள்ள இயலாத குழந்தையின் கைக்கு, உள்ளே அமர இடம் தரும் படகு ஒன்று. பற்றுவதற்கு மூலை மட்டும் தரும் படகு மற்றொன்று. எந்தப் படகானாலும் உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் இருந்து பயனில்லை.

இவ்வளவும் அறிந்த பின், பணம் கொடுக்குமுன், இரு படகுகளையும் நீரில் செலுத்திப் பார்க்க வேண்டும். விற்பவர் ஒருவரோடு தனியே சென்று பார்த்தல் போதாது. குடும்பம் முழுவதும் ஏற வேண்டும். கனம் ஏறிய படகு நீரின் மேல் எழுந்து சறுக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது? அணியம் உயரும்போது ஓட்டுபவருக்கு முன்னால் உள்ள நீர் தெரிகிறதா? அனைவரும் ஒரே பக்கம் நகர்ந்தால் எவ்வளவு சாய்கிறது? நீரில் இறங்கியவர் ஏணி வழியே தாமே ஏறி வர முடிகிறதா? காற்று வீசும் நாளாகத் தேர்ந்துகொள்வது நல்லது. அமைதியான காலை நேரத்தில் எல்லாப் படகுகளும் நல்ல படகுகளே. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றையும் அன்றே மாட்டிப் பழக வேண்டும். 26 அடிக்குக் குறைந்த இத்தகைய திறந்த படகுகளில் விரைந்து செல்லும்போது அதனை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் அந்நாட்டு மத்திய அரசின் ஆட்சிக்குட்பட்ட நீர்நிலைகளில் சட்டமே உள்ளது.

நாம் கற்பனை செய்த குடும்பம் எதை வாங்க வேண்டும்? வீட்டிற்கு எதிரே உள்ள சிற்றேரியில் மாலை நேரத்தில் உலாவவும், நிறுத்தி நீந்தவும் விரும்பினால், சரிவு குறைந்த படகே போதும். அதிகத் திறனுக்கும் பெட்ரோலுக்கும் வீணாகப் பணம் கொடுக்க வேண்டா. சுப்பீரியர் போன்ற பெருநீர்ப் பரப்பில் இறங்கும் எண்ணம் இருந்தால், சரிவு மிகுந்ததும் கிடைமட்டமாக மிதப்பதுமான படகையே நாட வேண்டும்; அவ்வாறு நாடிய பின்னும், காற்று மிகுந்த நாளில் கரையிலேயே இருக்கக் கற்க வேண்டும்.

ஒத்த பொருள்கள் இரண்டைச் சீர்தூக்குவோர் பெரும்பாலும் இன்பமான நாளை நினைத்தே தேர்கின்றனர். இன்பமான நாளில் இரு படகுகளும் ஒன்றே. காற்று எழுந்து, நீர் கறுத்து, கரை தொலைவாகிய நேரத்தில் எது தன் மக்களைத் தாங்கும் என்று எண்ணிப் பார்த்து, அதன் பின் நிறத்தைப் பற்றிப் பேசலாம். அப்போது குழந்தைகள் கேட்ட நீல நிறத்தையே கொடுத்தாலும் தவறில்லை.