குழாயில் குடியேறும் கிருமிகள்

மருத்துவமனையில் வந்து ஒட்டிக்கொள்ளும் தொற்றுகளில் முன்வரிசையில் நிற்பது சிறுநீர்த் தொற்று. அதில் பெரும்பங்கு கத்தீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் வைக்கும் குழாய், போட்டவர்களுக்கே வருகிறது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு சுமார் 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் இருந்துவிட்டால், ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் பாக்டீரியா இருக்கும்.

சிறுநீர்ப்பைக்கு இயற்கையான காவல் உண்டு. நிறைந்து காலியாகும் ஒவ்வொரு முறையும் கிருமிகள் அடித்துச் செல்லப்படும்; கிருமி ஒட்டிய செல்களையும் பை உதிர்த்துவிடும். கத்தீட்டர் இந்தக் காவலைக் குலைக்கிறது. குழாய் நழுவாமலிருக்க நுனியருகே ஊதப்படும் பலூனுக்கு மேலேதான் சிறுநீர் வடியும் துளைகள் இருக்கின்றன. அதனால் பைக்குள் எப்போதும் கொஞ்சம் சிறுநீர் தேங்கிவிடுகிறது.

கிருமி ஒட்டுவதற்கான பிடிமானத்தை நம் உடலே அமைத்துக் கொடுக்கிறது. குழாய் உரசிப் புண்ணாகும் சிறுநீர்ப்பை, காயத்தை ஆற்றும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது குழாயின் மேல் படிகிறது. எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா, தன் மேலுள்ள நுண்ணிழைகளின் நுனிப் புரதத்தால் அதைப் பற்றிக்கொள்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த நுனிப் புரதத்துக்கு எதிரான தடுப்பூசி எலிகளில் இத்தொற்றைத் தடுத்ததாக 2014-இல் அறிவித்தார்கள்.

ஒட்டிய பாக்டீரியாக்கள் பெருகி, பிசுபிசுப்பான ஒரு பொருளைச் சுரந்து அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. இதுதான் பயோஃபிலிம். சிறுநீரில் மிதக்கும் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக், இந்தப் படலத்துக்குள் பதுங்கியதை எளிதில் கொல்வதில்லை. காய்ச்சல் தணியும், மாத்திரையை நிறுத்தியதும் மீண்டும் வரும்.

புரோட்டியஸ் மிராபிலிஸ் இன்னும் பொல்லாதது. யூரியேஸ் என்ற நொதியால் அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. சிறுநீரின் காரத்தன்மை ஏறுகிறது. மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் உப்புகளாகிக் குழாய்க்குள் படிகின்றன. நாளடைவில் குழாயே அடைத்துக்கொள்ளும். சிறுநீர் சிறுநீரகம்வரை எதிர்த்து ஏறினால், கிருமி ரத்தத்திலும் கலக்கலாம்.

கிருமியைத் தடுக்கக் குழாய்க்கு வெள்ளிப் பூச்சு பூசியும் பார்த்தார்கள். குறுகிய காலம் போடப்படும் குழாய்களில் அது பெரிய பலன் தரவில்லை என்று 2012-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. கைகொடுப்பவை எளிய முறைகள்தாம்: குழாயைத் தொடும் முன் கை கழுவுவது, வெளியே சிறுநீர் சேரும் பையை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுவது, குழாய்க்கும் அந்தப் பைக்குமான இணைப்பைக் கழற்றாதிருப்பது. தொற்று வந்துவிட்டால் பழைய குழாயை மாற்றி, புதிய குழாயிலிருந்து பரிசோதனைக்குச் சிறுநீர் எடுப்பதே சரி. சிறுநீரகக் கல் அடைப்புக்காக உடலுக்குள் வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயிலும் இதே படலமும் உப்புப் படிவும் வளரும். அதை எடுக்க வேண்டிய தேதியைத் தவறவே விடக்கூடாது.

குழாய் இல்லாவிட்டால் இந்தப் படலத்துக்கு இடமே இல்லை. ஆகவே உடன் இருப்பவர்கள், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் தயங்காமல் கேளுங்கள்: “இந்த டியூப் இன்னும் தேவையா டாக்டர்? எப்போது எடுக்கலாம்?”