விளக்கு இருக்கிறது, எண்ணெய் உண்டா?



மல்லேஸ்வரத்தில் சம்பிகே சாலை வழியாகவோ மார்கோசா சாலை வழியாகவோ நடந்து செல்லும்போது, பழைய ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் இன்று எழும்பி நிற்கும் கட்டடங்களைக் கவனித்திருப்பீர்கள். கீழே துணிக்கடை, அதன்மேல் ஓர் அலுவலகம், அதற்கும் மேலே ஒரு கூடம். பிழைப்பு தேடி நகரத்திற்கு வந்த நம்முடைய சபைகள் பல இப்படிப்பட்ட வாடகைக் கூடங்களில்தான் கூடுகின்றன. முழு இரவு ஜெபத்திற்கு நாம் பிள்ளைகளோடும் முதியோரோடும் ஏறிச் செல்வது இத்தகைய படிக்கட்டுகளில்தான். நம்மில் அநேகர் இந்தக் கட்டடங்களிலேயே காவலராகவும் எலக்ட்ரீஷியனாகவும் வேலை செய்கிறார்கள். ஆகவே இந்தக் காரியம் இரண்டு விதத்தில் நமக்குரியது.

அடுத்த முறை படியேறும்போது சற்றே தலையை உயர்த்திப் பாருங்கள். இரண்டு கண்கள் போன்ற விளக்குகளுடன் ஒரு பெட்டி சுவரில் இருக்கலாம். அதில் சிறிய பச்சைப் புள்ளி ஒன்று ஒளிரும். அதைக் கண்டு, எல்லாம் நலம் என்று நாம் கடந்துபோகிறோம். ஆனால் பெட்டிக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டுமே அந்தப் புள்ளி அறிவிக்கிறது. உள்ளே இருக்கும் பாட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்குமா, ஐந்து நிமிடத்தில் அணைந்துபோகுமா என்பதை அது அறியாது. பத்துக் கன்னிகைகள் எல்லாரிடத்திலும் தீவட்டி இருந்ததே! குறைவு எண்ணெயில் அல்லவா இருந்தது? அதுவும் நடுராத்திரியில்தானே வெளிப்பட்டது?

"எங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, விளக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2010 பிப்ரவரி 23 அன்று நம் பெங்களூருவில், பழைய விமான நிலையச் சாலையிலுள்ள கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் நடந்ததை அவர்கள் நினைவுகூர வேண்டும். மின்கம்பிகள் மேலேறும் குழலிலிருந்து எழுந்த கரும்புகை மாடிகளை நிரப்பியது. மூச்சு முட்டி, சன்னல் வழியே குதித்தவர்களும் உண்டு. 9 பேர் மாண்டார்கள். மின்கம்பிகளிலேயே தீப்பற்றும்போது, அதே கம்பிகளின் வழியாக வரவேண்டிய ஜெனரேட்டர் மின்சாரத்தை எப்படி நம்புவது? தன் பாட்டரியைத் தன்னுள்ளே வைத்திருக்கும் விளக்கு அந்நேரத்தில் தனித்து நிற்கும்.

தில்லியில் 1997 ஜூன் 13 அன்று உபகார் திரையரங்கின் தரைத்தளத்து டிரான்ஸ்பார்மரில் பற்றிய தீயின் புகை பால்கனிக்கு ஏறியது, அரங்கம் இருண்டது, 59 பேர் உயிரிழந்தார்கள். அங்கே வழிகாட்டும் விளக்குகளும் எமர்ஜென்சி விளக்குகளும் உதவவில்லை என்பது பின்னர் வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. வெளியேறும் வழியும் அடைபட்டிருந்தது. விளக்கு ஒன்றே அவர்களைக் காத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருளில் வாசலைத் தேடுவோருக்கு ஒவ்வொரு நொடியும் விலையேறப்பெற்றது.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இவ்விளக்குகள் வழக்கமான மின்சாரத்தைச் சாராமல், மிகச் சிறிய கட்டடத்திலும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் எரியவேண்டும் என்றும், காலந்தோறும் சோதிக்கப்படவேண்டும் என்றும் கூறுகிறது. அமெரிக்க விதிமுறையில் மாதம் ஒருமுறை 30 வினாடியும், ஆண்டுக்கு ஒருமுறை 90 நிமிடம் முழுமையாகவும் சோதிப்பது வழக்கம். நாமும் அப்படியே செய்யலாம். மாதச் சோதனைக்கு டெஸ்ட் பட்டன் போதும். ஆண்டுச் சோதனையிலோ, அந்த விளக்குகளுக்கு வரும் மின்சாரத்தையே நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். முதல் பத்து நிமிடம் எல்லா விளக்கும் அழகாய் எரியும்; பழுது பிற்பாடுதான் தெரியவரும். வெயில் படும் சுவரில் மாட்டிய பாட்டரி சீக்கிரம் கெடும். கைப்பேசியைச் சார்ஜ் செய்ய யாரோ விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திரும்பச் செருக மறந்திருப்பதும் உண்டு. வற்றிய நிலையில் பல வாரம் கிடக்கும் ஈய பாட்டரி மறுபடியும் சரியாக உயிர்பெறுவதில்லை.

ஒரு நோட்டுப்புத்தகம் போதும்: தேதி, எந்த மாடி, எத்தனை நிமிடம் எரிந்தது, சோதித்தவர் கையொப்பம். கூடத்தை வாடகைக்கு எடுக்கும் சபையார், மின்கட்டணத்தைப் பற்றி விசாரிப்பதுபோல இந்த நோட்டையும் உரிமையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒன்றை மறவாதிருங்கள். முழுச் சோதனை முடிந்தபின் பாட்டரி மறுபடி நிரம்ப ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். அதுவரை அந்தப் படிக்கட்டு துணையற்றிருக்கும். ஆகவே முழு இரவு ஜெபம் நடக்கும் வெள்ளிக்கிழமையிலோ அதற்கு முந்தின நாளிலோ சோதனையை வைக்காதீர்கள். ஒன்றுவிட்ட விளக்குகளை ஒரு திங்கட்கிழமையிலும், மற்றவற்றை அடுத்த திங்கட்கிழமையிலும் சோதிப்பது நல்லது.