சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பை இறங்குமா?

"டாக்டரம்மா, இவ பதினொண்ணாவது படிக்கிறா. ஸ்கூல்ல கொடுத்த சைக்கிள் வீட்டுல சும்மா கிடக்கு. வயசுக்கு வந்த பொண்ணு சைக்கிள் மிதிச்சா கர்ப்பப்பை இறங்கிடும்னு எங்க அத்தை விடமாட்டேங்கிறாங்க."

புதுக்கோட்டை பக்கத்துக் கிராமத்திலிருந்து மகளை அழைத்து வந்த ஒரு தாய் சொன்னது இது. அந்தப் பெண்ணுக்கு அடிக்கடி தலைசுற்றல். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாதவிலக்கு நாட்களில் கடுமையான வலி. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. அந்த 'அத்தை'யும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தார்.

முதலில் பயத்தைப் போக்குவோம். கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகளும் தசைநார்களும் தளரும்போதுதான் அது இறங்குகிறது. அடுத்தடுத்த பிரசவங்கள், நெடுநேரம் நீடித்த பிரசவம், நாள்பட்ட மலச்சிக்கல், ஓயாத இருமல், வயது ஆகியவை காரணங்கள். சைக்கிள் அந்தப் பட்டியலில் இல்லை. மாதவிலக்கு நாட்களில்கூட, உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாக ஓட்டலாம். மிதமான உடற்பயிற்சி பலருக்கு அந்த வலியைக் குறைக்கவே செய்கிறது.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பெண் வயதுக்கு வந்ததும் நம் வீடுகளில் என்ன கொடுக்கிறோம்? நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து உளுந்தங்களி. எதற்கு? இடுப்புக்கும் எலும்புக்கும் பலம் வேண்டுமென்று! பலத்துக்குக் களி கிண்டிக் கொடுத்த அதே கையால், "ஓடாதே, குதிக்காதே" என்று மூலையில் உட்கார வைத்தால் பலம் எங்கிருந்து வரும்? உணவு பாதிதான், உழைப்பு மீதி. உபயோகிக்காத தசை மெலிந்து போகும். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

இதை நிரூபித்துக் காட்டியதே நம் மாவட்டம்தான். 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கற்றதாகச் சொல்வார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். இவர்கள் நிறுத்தவில்லை. பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திராமல், தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பெண் பலவீனமானவள் என்பது இயற்கை அல்ல; பெரும்பாலும் நாம் வளர்க்கும் விதம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைத் தான் சாப்பிடும் வழக்கம் இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கிறது!

என்ன செய்யலாம்?

* வீட்டுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். 12 கிராமுக்குக் கீழே போனால் சிகிச்சை தேவை.

* முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பேரீச்சை, முட்டை அடிக்கடி சேருங்கள். கூடவே நெல்லிக்காய், எலுமிச்சை இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம்.

* செந்தூரமோ இரும்புச்சத்து மாத்திரையோ, டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

* பள்ளி செல்லும் பெண்ணுக்குத் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டம், சைக்கிள், கயிறு தாண்டுதல், விளையாட்டு வேண்டும்.

* மாதவிலக்கு வலி படிப்பையே கெடுத்தால் 'எல்லாருக்கும் வர்றதுதானே' என்று விடாமல் பரிசோதியுங்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தப் பாட்டியிடம் கேட்டேன்: "அறிவொளி சமயத்துல நீங்க கத்துக்கலையாம்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஆசையாத்தான் இருந்துச்சு. எங்க வீட்டுல விடலை."

பேத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை மருந்து வாங்க அந்தப் பெண் தனியாக வந்தாள். வாசலில் சைக்கிள் நின்றது. "காத்து அடிச்சு, துடைச்சுக் கொடுத்தது அப்பாயிதான்" என்றாள்.